டிப்போ ஊசிகளின் காப்புரிமை உண்மையில் எப்போது முடிகிறது?

ஒரு மருந்தின் காப்புரிமை எப்போது முடிகிறது என்று கேட்டால், மாத்திரை விஷயத்தில் ஓரளவு நேரான பதில் கிடைக்கும். மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் ரிஸ்பெரிடோனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூலக்கூறுக்கான அமெரிக்கக் காப்புரிமை 2007 டிசம்பரில் முடிந்தது. குழந்தைகளிடம் ஆய்வு நடத்தியதற்காகக் கிடைத்த ஆறு மாதக் கூடுதல் காலமும் கழிந்து, 2008 நடுவில் மற்ற நிறுவனங்களின் மாத்திரைகள் சந்தைக்கு வந்துவிட்டன. கதை அதோடு முடிந்தது.

அதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த மாதாந்திர டிப்போ ஊசி (ஒருமுறை போட்டால் வாரக்கணக்கில் மருந்தை மெல்ல விடும் ஊசி) ஒன்றின் தேதியைத் தேடினால் 2031 ஜனவரி என்று வருகிறது. ரிஸ்பெரிடோனை உடல் மாற்றும்போது உருவாகும் பொருள்தான் பாலிபெரிடோன். அதை ஒரு கொழுப்பு அமிலத்தோடு இணைத்துச் செய்த ஊசிதான் அது. மாத்திரைக்கும் ஊசிக்கும் நடுவே கிட்டத்தட்ட 23 ஆண்டு இடைவெளி. இதில் வேடிக்கை என்னவென்றால், 2031 வரை அந்த ஊசியைக் காப்பது மூலக்கூறின் காப்புரிமை அல்ல, மருந்துக் கலவையின் காப்புரிமையும் அல்ல. முதல் நாள் எவ்வளவு, எட்டாம் நாள் எவ்வளவு, எந்தத் தசையில் போட வேண்டும் என்ற அளவு முறையின் காப்புரிமை அது.

நீண்டகால ஊசிகளின் காப்புரிமையை ஆராய வருபவர்கள் முதலில் தடுமாறும் இடம் இது. ஒரு தேதியைத் தேடி வருகிறார்கள். இருப்பதோ அடுக்கடுக்காகப் பல தேதிகள். அவற்றுள் எது கடைசி, எது உண்மையிலேயே வழியை மறிக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலையே.

அடுக்குகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் பாதி குழப்பம் தீரும். டிப்போ ஊசி புதிய விஷயம் அல்ல. 1960களிலேயே ஃப்ளூபெனசின் என்ற பழைய மனச்சிதைவு மருந்தைக் கொழுப்பு அமிலத்தோடு எஸ்டர் என்ற சேர்மமாக இணைத்து, நல்லெண்ணெயில் கரைத்துத் தசையில் போடத் தொடங்கிவிட்டார்கள். எண்ணெயிலிருந்து மருந்து மெல்ல மெல்லக் கசிந்து ரத்தத்தில் கலக்கும். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு ஊசி போதும். தினமும் மாத்திரை விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கும், நிறுத்திவிட்டு மீண்டும் மீண்டும் நோய் திரும்புபவர்களுக்கும் இது பெரிய உதவியாக இருந்தது. ஹாலோபெரிடால் டெக்கனோவேட் 1986-இல் அமெரிக்க அனுமதி பெற்றது. இந்த இரண்டுக்கும் இன்று காப்புரிமைப் பேச்சே இல்லை. யாரும் தயாரிக்கலாம், தயாரிக்கிறார்கள். தயாரிப்பு முறையும் எளிது.

ரிஸ்பெரிடோன் போன்ற இரண்டாம் தலைமுறை மருந்துகளை இதே வழியில் ஊசியாக்க முடியவில்லை. ரிஸ்பெரிடோன் மூலக்கூறில் எஸ்டர் சேர்க்க வசதியான பிடி இல்லை. அதனால் வேறு வழி தேடினார்கள். மருந்தை, உடலிலேயே கரைந்துபோகும் பி.எல்.ஜி.ஏ. என்ற பாலிமர் நுண்கோளங்களுக்குள் அடைத்தார்கள். அல்கெர்மெஸ் நிறுவனத்தின் இந்தத் தொழில்நுட்பத்தில் உருவான ரிஸ்பெர்டால் கான்ஸ்டா 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. ஆனால் ஊசி போட்ட முதல் மூன்று வாரம் மருந்து பெரும்பாலும் கோளங்களுக்குள்ளேயே இருக்கும், வெளியே வராது. அதுவரை மாத்திரையும் சாப்பிட்டாக வேண்டும். மாத்திரை சாப்பிடச் சிரமப்படுபவருக்காக வந்த ஊசியே முதலில் மாத்திரை கேட்டது. இந்தச் சங்கடத்தை நினைவில் வையுங்கள், பின்னால் ஒரு பெரிய வழக்குக்கு இது விதை.

பாலிபெரிடோனில் எஸ்டர் சேர்க்கும் பிடி உண்டு. பால்மிடிக் அமிலத்தோடு இணைத்தால் நீரில் மிக மிகக் குறைவாகக் கரையும் பொருள் கிடைக்கிறது. அதை மிகச் சிறு துகள்களாக அரைத்து நீரில் மிதக்க விட்டால், எண்ணெயும் வேண்டாம், பாலிமரும் வேண்டாம். இதுதான் 2009 ஜூலையில் அமெரிக்க அனுமதி பெற்ற, ஜான்சென் நிறுவனத்தின் இன்வேகா சஸ்டென்னா, தொடக்கத்தில் சொன்ன மாதாந்திர ஊசி. 2015-இல் மூன்று மாத ஊசியாக இன்வேகா டிரின்ஸா, 2021-இல் ஆறு மாத ஊசியாக இன்வேகா ஹஃபியேரா. மூன்றுக்கும் மருந்துப் பொருள் ஒன்றேதான்.

அரிப்பிப்ரசோல் என்ற இன்னொரு மனச்சிதைவு மருந்தில் இரண்டு பாதைகள் கிளைத்தன. ஒட்ஸுகாவும் லுண்ட்பெக்கும் மருந்தின் படிகத்தையே அப்படியே ஊசியாக்கி அபிலிஃபை மெயின்டெனா என்று 2013-இல் கொண்டுவந்தன. அல்கெர்மெஸ், உடலுக்குள் போய் அரிப்பிப்ரசோலாக மாறும் வேறொரு வேதிப்பொருளைச் செய்து அரிஸ்டாடா என்று 2015-இல் கொண்டுவந்தது. ஒலன்ஸபின் என்ற மருந்துக்குப் பமோவேட் என்ற உப்பு வடிவம். ஆக ஒவ்வொரு ஊசியிலும் மூலக்கூறு, அதன் எஸ்டர் அல்லது உப்பு, துகளின் அளவு, கலவை, தயாரிப்பு முறை, ஊசிக்குழல், போடும் அளவும் இடைவெளியும் என்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காப்புரிமை கேட்கலாம். கேட்டிருக்கிறார்கள்.

சஸ்டென்னாவைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இந்தத் துறையின் பாடம் முழுக்க அந்த ஒரு மருந்திலேயே இருக்கிறது.

பாலிபெரிடோன் எஸ்டரின் நுண்துகள் கலவைக்கான அமெரிக்கக் காப்புரிமையின் எண் 6,555,544. 1998 நவம்பரில் விண்ணப்பித்தது. 20 ஆண்டுக் கணக்கில் 2018 நவம்பரில் முடிந்தது. கலவை முடிந்தால் மருந்தும் திறந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். அங்கேதான் 9,439,906 என்ற எண் குறுக்கே வருகிறது. அதன் கிளெய்ம்கள், அதாவது உரிமை கோரும் வாசகங்கள், சொல்வது இது: முதல் நாள் தோள்பட்டைத் தசையில் 150 மில்லிகிராமுக்குச் சமமான பாலிபெரிடோன், எட்டாம் நாளை ஒட்டி அதே தோள்தசையில் 100 மில்லிகிராம், அதன்பின் மாதம் ஒருமுறை, தோளிலோ புட்டத்திலோ. முதலில் பெரிய அளவு தந்து ரத்தத்தில் மருந்தைச் சட்டென்று ஏற்றிவிடுவதால் கூடவே மாத்திரை தேவையில்லை. கான்ஸ்டா விட்டுவைத்த அந்த மூன்று வாரச் சங்கடத்துக்கான தீர்வு இது.

இந்த விண்ணப்பம் 2008 டிசம்பரில் போடப்பட்டது. 20 ஆண்டு என்றால் 2028 டிசம்பர். ஆனால் காப்புரிமை அலுவலகம் பரிசீலனையில் எடுத்துக்கொண்ட தாமதத்துக்கு அமெரிக்கச் சட்டம் நாள் கணக்கில் ஈடு தருகிறது. 2016 செப்டம்பரில்தான் காப்புரிமை வழங்கப்பட்டது என்பதால் இரண்டு ஆண்டுக்கும் மேலான நாட்கள் சேர்ந்து, முடிவுத் தேதி 2031 ஜனவரிக்குப் போய்விட்டது. விண்ணப்பத் தேதியோடு 20-ஐக் கூட்டி எழுதும் பலர் சறுக்குவது இங்கேதான்.

டெவா, மைலன் உள்ளிட்ட பிரதி மருந்து (ஜெனரிக்) நிறுவனங்கள் இதை எதிர்த்தன. மைலன் முதலில் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியத்திடம் மறுபரிசீலனை கேட்டது. நீதிமன்றத்தில் ஏற்கெனவே வழக்குகள் நடக்கின்றன என்ற காரணத்தைச் சொல்லி வாரியம் எடுக்க மறுத்தது. அதை எதிர்த்துப் போன மேல்முறையீட்டையும், தனக்கு அதிகாரம் இல்லை என்று ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-இல் தள்ளியது. டெவாவின் வாதமோ நேரடியானது: மருந்து தெரிந்தது, எஸ்டர் தெரிந்தது, தோள்தசையில் மருந்து வேகமாக ஏறும் என்பதும் தெரிந்தது, முதலில் அதிகம், பிறகு குறைவு என்பதைத் துறையறிந்த எவரும் யோசித்திருப்பார், இதில் கண்டுபிடிப்பு எங்கே? 2021 அக்டோபரில் நியூஜெர்சி மாவட்ட நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. 2024 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதியை ரத்து செய்தது. கிளெய்ம்கள் ஒரு நோயாளிக்குப் போடும் அளவைப் பற்றிப் பேசும்போது, எல்லா நோயாளிகளுக்கும் பொருந்துமா என்று கீழ் நீதிமன்றம் பார்த்தது தவறு என்றது. வழக்கு திரும்பிப் போனது. அதே ஆண்டு நவம்பரில் மாவட்ட நீதிமன்றம் மீண்டும் காப்புரிமை செல்லும் என்றது. 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

இந்தச் சுற்றைக் கவனித்தவர்களுக்கு ஒன்று புரிந்திருக்கும். 2024 ஏப்ரல் செய்தியை மட்டும் படித்தவர் காப்புரிமை விழப் போகிறது என்று எழுதியிருப்பார். 2025 ஜூலைக்குப் பிறகு அந்தக் கட்டுரை குப்பை. காப்புரிமை ஆய்வில் பார்த்த தேதியையும் சேர்த்துக் குறிக்காத குறிப்பு எதற்கும் உதவாது.

சரி, அளவு முறைக்குத்தானே காப்புரிமை, பிரதி மருந்தின் குறிப்புத்தாளில் அந்தப் பகுதியை நீக்கிவிட்டு விற்கக் கூடாதா? மாத்திரைகளில் இப்படிச் செய்வதுண்டு. ஒரு மருந்துக்கு மூன்று பயன்கள் இருந்து, ஒன்றுக்கு மட்டும் காப்புரிமை மீதமிருந்தால், அந்த ஒன்றை விட்டுவிட்டு மற்ற இரண்டோடு அனுமதி பெறலாம். சஸ்டென்னாவில் அது நடக்காது. தொடக்க அளவைச் சொல்லாமல் அந்த ஊசியைத் தொடங்க வழியே இல்லை. குறிப்புத்தாளின் முதுகெலும்பே காப்புரிமைக்குள் இருக்கிறது. இந்த விஷயத்தை யோசித்து வரைந்த வழக்கறிஞரின் கெட்டிக்காரத்தனத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், பிடிக்கிறதோ இல்லையோ.

மூன்று மாத ஊசியான டிரின்ஸாவில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. 10,143,693 என்ற காப்புரிமை, ஊசியைத் தவறவிட்டு நான்கு முதல் ஒன்பது மாதம் ஆனவருக்கு எப்படி மீண்டும் தொடங்குவது என்பதைப் பற்றியது. எல்லா நோயாளிகளும் அல்ல, தவறவிட்டவர்கள் மட்டும். மருத்துவர் குறிப்புத்தாளைப் பார்த்து அப்படிச் செய்தால், அந்த மீறலைத் தூண்டியது பிரதி மருந்தை விற்ற நிறுவனமே என்பது வாதம். 2025 மார்ச்சில் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மைலனுக்கு எதிராக இதை ஏற்றது. நோயாளி ஊசியைத் தவறவிடுவது மருத்துவமனையில் சாதாரண நிகழ்வு. அதுவே ஒரு போட்டி மருந்தை நிறுத்திவைக்கும் காரணமாகிறது. எனக்கு இது கண்டுபிடிப்புக்கான பரிசு என்ற எண்ணத்தோடு அவ்வளவு ஒட்டவில்லை. ஆனாலும் சட்டம் இன்று நிற்கும் இடம் அதுதான்.

இனி, தேடுவது எப்படி என்பது. அமெரிக்காவைப் பொறுத்தவரை தொடங்கும் இடம், மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆரஞ்சு புக் என்ற பட்டியல். 1984-இன் ஹேட்ச்-வாக்ஸ்மன் சட்டத்தின்படி, அசல் மருந்தை விற்கும் நிறுவனம் அந்த மருந்துக்குரிய காப்புரிமைகளை இதில் பதிய வேண்டும். மருந்துப் பொருள், மருந்துத் தயாரிப்பு, பயன்படுத்தும் முறை ஆகிய மூன்று வகைக்கு இடம் உண்டு. பயன்பாட்டு முறை என்றால் பக்கத்தில் ஒரு குறியீடு இருக்கும். அந்தக் குறியீட்டின் விளக்கத்தைப் படிக்காமல் தேதியை மட்டும் எடுத்தால் விஷயம் கைக்கு வராது. அந்த விளக்கத்தை எழுதிக் கொடுப்பதும் நிறுவனமே, எஃப்.டி.ஏ. அதைச் சரிபார்ப்பதில்லை. எனவே குறியீட்டிலிருந்து காப்புரிமை ஆவணத்துக்குப் போய்க் கிளெய்ம்களைப் படிக்காமல் எதையும் முடிவு செய்ய முடியாது.

ஆரஞ்சு புக்கில் இல்லாதவையும் முக்கியம். தயாரிப்பு முறைக்கான காப்புரிமைகளை அதில் பதிவதில்லை. பி.எல்.ஜி.ஏ. நுண்கோள ஊசிகளில் பாதி வித்தையே தயாரிப்பு முறையில்தான் இருக்கிறது. கரைப்பானை எப்படி எடுப்பது, கோளங்களை எப்படி ஒரே அளவில் கொண்டுவருவது என்பதெல்லாம் தனிக் காப்புரிமைகளாக வெளியே கிடக்கும். முடிந்துபோன காப்புரிமைகளும் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். எனவே 2018-இல் முடிந்த கலவைக் காப்புரிமையை இன்றைய பட்டியலில் தேடினால் கிடைக்காது. வரலாறு வேண்டுமென்றால் பழைய ஆண்டுப் பதிப்புகளைப் பார்க்க வேண்டும்.

காப்புரிமை எண் கிடைத்ததும் கூகுள் பேட்டன்ட்ஸில் போட்டுப் பார்ப்பது எல்லோரும் செய்வது. அங்கே காட்டும் முடிவுத் தேதி கணினி கணக்கிட்ட மதிப்பீடு, சட்ட முடிவு அல்ல என்று அந்தத் தளமே சொல்கிறது. தாமத ஈடு நாட்கள் காப்புரிமையின் முதல் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். இன்னொரு காப்புரிமையோடு சேர்ந்தே முடியும் என்று உரிமையாளர் எழுதிக் கொடுத்திருந்தால் தேதி முன்னால் வரும். அது அலுவலகக் கோப்பில் இருக்கும். காப்புரிமை வழங்கி மூன்றரை, ஏழரை, பதினொன்றரை ஆண்டுகளில் பராமரிப்புக் கட்டணம் கட்டாவிட்டால் உரிமை அதோடு போய்விடும். விற்பனையில் இருக்கும் பெரிய மருந்துக்கு யாரும் கட்டணத்தை மறப்பதில்லை. ஆனால் அதே குடும்பத்தின் ஓரத்துக் காப்புரிமைகள் பல இப்படித்தான் சாகின்றன.

காலநீட்டிப்பு என்ற இன்னொரு கணக்கும் உண்டு. மருந்து அனுமதிக்காகக் காத்திருந்த காலத்துக்கு ஈடாக அமெரிக்கா அதிகபட்சம் ஐந்து ஆண்டு வரை தருகிறது. நீட்டித்த பிறகும், அனுமதி நாளிலிருந்து மொத்தம் 14 ஆண்டைத் தாண்டக் கூடாது. ஒரு மருந்துக்கு ஒரே ஒரு காப்புரிமையைத்தான் நீட்டிக்கலாம். அதுவும் அந்த மருந்துப் பொருள் முதன்முறை சந்தைக்கு வரும்போது மட்டும். மருந்துப் பொருள் என்பதில் அதன் உப்பும் எஸ்டரும் அடக்கம் என்று சட்டமே சொல்கிறது. ஏற்கெனவே மாத்திரையாக வந்துவிட்ட மருந்தின் எஸ்டர் ஊசிக்கு இந்தச் சலுகை சாதாரணமாகக் கிடைக்காமல் போவது அதனால்தான். டிப்போ ஊசிகளில் கலவைக்கும் அளவு முறைக்கும் இவ்வளவு காப்புரிமைகள் குவிய இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

காப்புரிமைக்கு வெளியே, எஃப்.டி.ஏ. தரும் தனியுரிமைக் காலமும் ஆரஞ்சு புக்கிலேயே தனிப் பத்தியில் இருக்கும். புத்தம்புதிய மருந்துப் பொருளுக்கு ஐந்து ஆண்டு, ஏற்கெனவே உள்ள மருந்தில் புதிய மருத்துவ ஆய்வு நடத்திக் கொண்டுவந்த மாற்றத்துக்கு மூன்று ஆண்டு, குழந்தைகள் ஆய்வுக்கு ஆறு மாதக் கூடுதல். இந்த மூன்று ஆண்டை வைத்து ஒரு சுவையான சண்டை நடந்தது. அபிலிஃபை மெயின்டெனாவுக்குக் கிடைத்த மூன்று ஆண்டு உரிமை, பின்னால் வந்த அரிஸ்டாடாவையும் தடுக்க வேண்டும் என்று ஒட்ஸுகா கேட்டது. இரண்டும் உடலில் போய் அரிப்பிப்ரசோலாகத்தானே வேலை செய்கின்றன என்பது அதன் வாதம். அரிஸ்டாடாவின் செயல்படு கூறு வேதியியல்படி வேறு, எனவே அந்த உரிமை இதைத் தொடாது என்றது எஃப்.டி.ஏ. வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் எஃப்.டி.ஏ. பக்கமே நின்றது. மூலக்கூறில் சேர்த்த ஒரு சின்னத் துணுக்கு, நோயாளியின் உடலில் பெரிய வித்தியாசம் காட்டாவிட்டாலும், சட்டத்தின் கண்ணில் இன்னொரு மருந்தாகிவிடுகிறது.

நாடு மாறினால் கணக்கும் மாறும். ஐரோப்பாவில் சிகிச்சை முறைக்கு நேரடியாகக் காப்புரிமை கிடையாது. ஆனால் தெரிந்த மருந்தைப் புதிய அளவு முறையில் பயன்படுத்துவதற்கான மருந்து என்று எழுதிக் கேட்டால் கிடைக்கும். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் விரிவாக்க வாரியம் 2010-இல் இதைத் தெளிவாக்கியது. அங்கே காலநீட்டிப்பு துணைப் பாதுகாப்புச் சான்றிதழாக நாட்டுக்கு நாடு தனித்தனியே தரப்படுகிறது. ஜெர்மனியில் உள்ள தேதியை வைத்து ஸ்பெயினுக்குச் சொல்ல முடியாது. கனடாவில் மருத்துவச் சிகிச்சை முறைக்குக் காப்புரிமை இல்லை என்பது பழைய கொள்கை. இதே பாலிபெரிடோன் அளவு முறையை வைத்து ஜான்சென் நிறுவனமும் ஃபார்மாசயன்ஸ் நிறுவனமும் அங்கே மோதின. அளவு முறை என்பது மருத்துவரின் திறமையா, விற்கக்கூடிய பொருளா என்ற கேள்வி கனடா உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

இந்தியச் சட்டத்தின் 3(டி) பிரிவு இன்னும் நேராக மோதுகிறது. தெரிந்த பொருளின் உப்பு, எஸ்டர், வளர்சிதைப் பொருள், துகள் அளவு முதலியவை, பலனில் கணிசமான வேறுபாடு காட்டாவிட்டால் அதே பொருளாகவே கருதப்படும் என்கிறது அதன் விளக்கம். பாலிபெரிடோன் பால்மிடேட் நுண்துகள் என்பது ஒரு வளர்சிதைப் பொருளின் எஸ்டரைக் குறிப்பிட்ட துகள் அளவில் அரைத்தது. இந்த மருந்தை மனத்தில் வைத்தே எழுதியதுபோல இருக்கும், ஆனால் அப்படி இல்லை. பலன் என்றால் சிகிச்சைப் பலன் என்று நோவார்டிஸ் வழக்கில் 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சிகிச்சை முறைகளுக்கு 3(ஐ) பிரிவு முழுத் தடை. காலநீட்டிப்பும் இல்லை, விண்ணப்பத்திலிருந்து 20 ஆண்டு, அவ்வளவுதான். எனவே அமெரிக்கத் தேதியை எடுத்து உலகத்துக்கே பொருத்துவது பெரும் பிழை. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடுதளமான எஸ்பாஸ்நெட்டில் காப்புரிமைக் குடும்பத்தை, அதாவது ஒரே கண்டுபிடிப்புக்குப் பல நாடுகளில் போட்ட விண்ணப்பங்களை, இழுத்துப் பார்த்து, எந்த நாட்டில் வழங்கினார்கள், எங்கே மறுத்தார்கள், எங்கே விண்ணப்பமே போடவில்லை என்று ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும்.

இத்தனையும் தாண்டிக் காப்புரிமை முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பிரதி மருந்து மறுநாள் வராது. இதைக் காப்புரிமைப் பட்டியல் மட்டும் பார்ப்பவர்கள் அடிக்கடி கோட்டை விடுகிறார்கள்.

மாத்திரையின் சமத்தன்மையை நிரூபிக்க, நலமாக உள்ள சிலருக்கு ஒரு வேளை கொடுத்து ரத்தம் எடுத்தால் பெரும்பாலும் போதும். மாதக்கணக்கில் உடலில் தங்கும் மனநல மருந்தை நலமானவர்களுக்குப் போட முடியாது. நோயாளிகளிடமே, மருந்து நிலையான அளவுக்கு வரும்வரை பல மாதம் காத்திருந்து சோதிக்க வேண்டும். ஊசி என்பதால் துணைப்பொருள்களும், சில விதிவிலக்கு தவிர, வகையிலும் அளவிலும் அசலோடு ஒத்திருக்க வேண்டும். நுண்கோளம் என்றால் பாலிமரின் அமைப்பே ஒத்துப்போக வேண்டும். அதன் விவரம் அசல் நிறுவனத்தின் ரகசியம். கான்ஸ்டாவின் கலவைக் காப்புரிமைகள் முடிந்தவுடன் பிரதிகள் வரிசைகட்டி வராததற்கு இதுதான் காரணம். ஒலன்ஸபின் பமோவேட் ஊசிக்கு வேறு மாதிரித் தடை: போட்ட பிறகு அரிதாக மருந்து சட்டென்று ரத்தத்தில் கலந்து மயக்கமும் குழப்பமும் வரக்கூடும் என்பதால், ஒவ்வொரு முறையும் மூன்று மணி நேரம் மருத்துவக் கண்காணிப்பில் இருக்க வேண்டும். காப்புரிமை போனாலும் அந்த மூன்று மணி நேரம் போகாது. அதைப் பிரதியெடுக்க யார் ஆர்வம் காட்டுவார்கள்?

அதனால்தான் பலர் பிரதி எடுக்கும் பாதையை விட்டு 505(பி)(2) என்ற நடுப்பாதையைப் பிடித்தார்கள். அசல் மருந்தின் பாதுகாப்பு விவரங்களை ஓரளவு சார்ந்துகொண்டு, தங்கள் சொந்தக் கலவையோடு புதிய மருந்தாக அனுமதி கேட்பது. ரிஸ்பெரிடோனில் மட்டும் இப்படிப் பெர்செரிஸ் 2018-இலும், ரைகிண்டோவும் உஸெடியும் 2023-இலும் வந்தன. உஸெடி தோலுக்கடியில் போடுவது, மாதம் ஒருமுறை அல்லது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அதைக் கொண்டுவந்தது சஸ்டென்னா காப்புரிமையை உடைக்கப் போராடிய அதே டெவா. ஒரு கையில் சுத்தியல், மறு கையில் சொந்தப் பூட்டு.

லுயே நிறுவனத்தின் எர்ஸோஃப்ரி இன்னும் சுவாரசியம். 2024-இல் அனுமதி பெற்ற இதுவும் பாலிபெரிடோன் பால்மிடேட்தான். ஆனால் முதல் நாளே 351 மில்லிகிராம் பால்மிடேட் ஒரே ஊசியாக. எட்டாம் நாள் ஊசியே கிடையாது. சஸ்டென்னாவின் முதல் இரண்டு ஊசிகளை அமெரிக்க முறையில் பால்மிடேட் எடையாகச் சொன்னால் 234-ம் 156-ம். அந்த இரு படி முறைக்குத்தான் காப்புரிமை. ஆக, அளவு முறைக் காப்புரிமையை முட்டி உடைப்பதற்குப் பதிலாக, வேறு அளவு முறையைச் சோதித்து நிரூபித்துக்கொண்டு பக்கவாட்டில் போயிருக்கிறார்கள். ஒரு தேதியை மட்டும் வைத்து 2031 வரை வேறு மாதாந்திரப் பாலிபெரிடோன் வராது என்று கணித்தவர்களின் கணக்கை இது பொய்யாக்குகிறது. ஆனால் இது சஸ்டென்னாவுக்கு நேர் மாற்றாக மருந்துக்கடையில் மாற்றித் தரக்கூடிய பிரதி அல்ல. மருத்துவர் தனியாக எழுதித் தர வேண்டும். விலை விழுவது முழுப் பிரதி வரும்போதுதான், இப்படிப்பட்ட பக்கத்து வீட்டு மருந்துகளால் அல்ல.

இன்னொரு தேதி எந்தப் பட்டியலிலும் இருக்காது: சமரசத் தேதி. வழக்கு நடக்கும்போதே இரு தரப்பும் பேசி, காப்புரிமை முடியும் முன்பே ஒரு நாளில் நுழைய உரிமம் கொடுப்பது வழக்கம். மனநோய் மருந்து அல்ல என்றாலும் அதே அல்கெர்மெஸ் நுண்கோளக் குடும்பத்து விவிட்ரால் ஊசியில், 2029 வரை காப்புரிமை இருக்க, டெவாவுக்கு 2027 ஜனவரியில் நுழைய உரிமம் கிடைத்தது. இதைக் கண்டுபிடிக்கக் காப்புரிமைத் தளங்கள் உதவாது. பங்குச்சந்தைக்கு நிறுவனங்கள் தரும் ஆண்டறிக்கைகள்தான் உதவும். அப்புறம், அந்த அறிக்கைகளில் இன்னொரு அடுக்கும் வெளிப்படும். காப்புரிமை முடிந்த பிறகும் தொழில்நுட்ப அறிவுக்கான பங்குத்தொகை தொடர வேண்டுமா என்று அல்கெர்மெஸுக்கும் ஜான்செனுக்கும் நடுவே நடுவர் மன்றத்தில் ஒரு தகராறு போனது. 2023 மே மாதத்தில் அது அல்கெர்மெஸுக்குச் சாதகமாக முடிந்தது. காகிதத்தில் பதிந்த உரிமை தீர்ந்தாலும், எழுதாமல் கைக்குள் வைத்திருக்கும் வித்தைக்கும் விலை உண்டு.

2031 நெருங்கும்போது என்ன ஆகும் என்பதை இப்போதே ஓரளவு ஊகிக்கலாம். மாத ஊசியில் இருக்கும் நோயாளிகள் மூன்று மாத ஊசிக்கும் ஆறு மாத ஊசிக்கும் மாற்றப்படுகிறார்கள். நோயாளிக்கு அது வசதிதான், அதில் சந்தேகமில்லை. அதே வேளையில் ஒவ்வொரு நீண்ட ஊசியும் தனக்கென ஒரு புதிய காப்புரிமை வரிசையோடு வருகிறது. ஹஃபியேராவைத் தொடங்க, முதலில் மாத ஊசியில் குறைந்தது நான்கு மாதமோ மூன்று மாத ஊசியில் ஒரு சுற்றோ நிலைபெற்றிருக்க வேண்டும் என்கிறது அதன் குறிப்புத்தாள். அதாவது மாத ஊசியின் பிரதி மலிவாக வந்தாலும், சிலருக்கு அது நீண்ட ஊசிக்கு ஏறும் முதல் படியாக மட்டுமே இருக்கக்கூடும். எனவே பாலிபெரிடோன் ஊசிக்கு 2031 என்று எழுதும் இடத்தில், எந்த இடைவெளிக்கான ஊசி, எந்த நாடு, எந்த அடுக்கு என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டியிருக்கிறது. ஆறு மாத ஊசியில் இருப்பவரைப் பொறுத்தவரை அந்த ஆண்டில் எதுவும் மாறாமலேயே போகலாம்.